பெரட்டு எடுக்கும் செயற்கைக்கோள்

1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் ஒரேயடியாக 12-க்குத் தாவின. அதுவரை கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்த நாங்கள், சபா, சரவாக்கோடு சேர்ந்து எட்டு மணி நேரத்துக்கு வந்துவிட்டோம். அப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் இன்றும் ஒரே பதில்தான்: "கிராணி வீட்டு மணிதான் மாறுச்சு. மரத்துக்கு யாரும் போய்ச் சொல்லல." கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். விடியலின் குளிர்ச்சியில்தான் மரம் நன்றாகப் பால் விடும். அதனால் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் ஆள் கணக்கு எடுப்பதற்கு, தண்டவாளத் துண்டை அடிக்கும் நேரம் கடிகாரத்தில் அரை மணி தள்ளிப்போனது. வேலைக்காட்டில் வேறெதுவும் மாறவில்லை.

மணி என்ன என்பது ஒரு கேள்வி, ஒரு வினாடி எவ்வளவு நீளம் என்பது இன்னொரு கேள்வி. அன்று அரசாங்கம் மாற்றியது முதலாவதை. இரண்டாவதில் யாரும் கை வைக்கவில்லை. சீசியம்-133 அணுவிலிருந்து வரும் ஒரு குறிப்பிட்ட நுண்ணலை 9,192,631,770 முறை அலைந்தால் அது ஒரு வினாடி என்று 1967-இல் உலகம் முடிவு செய்தது. இன்றுவரை அதுதான் கணக்கு. என் கடையின் பின்னறையில் இருக்கும் தகரப் பெட்டி இந்த இரண்டாவது கேள்விக்கானது. ஒரு வினாடிக்குச் சரியாக ஒரு கோடி அலைகள், அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். அதைத் தருவது மட்டும்தான் அதன் வேலை. அது சரியாகத்தான் தருகிறதா என்று மேலே பறக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைக் கேட்டுக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஜிபிஎஸ்டிஓ என்பார்கள், ஜிபிஎஸ் திருத்தி நடத்தும் ஆசிலேட்டர். ஆசிலேட்டர் என்றால் சீரான அலையை உண்டாக்கும் சுற்று.

கடைக்கு வரும் ஓய்வுபெற்ற கிராணி ஐயா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கைப்பேசியிலேயே மணி சரியாத்தானே காட்டுது, அப்புறம் எதுக்கு இது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கைப்பேசிக்கு மணி தெரிந்தால் போதும், கால் வினாடி முன்பின் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. எனக்கு வந்த பிரச்சினை வேறு.

2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். கியூஓ-100 என்று பெயர். அது பூமத்திய ரேகைக்கு மேலே கிழக்குத் தீர்க்கரேகை 25.9 பாகையில் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மேற்கே, தொடுவானத்திலிருந்து ஆறு பாகை உயரத்தில்தான் இருக்கும். அதன் குரல் 10.5 கிகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. வீட்டு டிவி டிஷ்ஷின் முனையில் இருக்கும் அதே மாதிரி எல்என்பி-யை வைத்தே பிடிக்கலாம். வரும் அலையைத் தாழ்ந்த அலைவெண்ணுக்கு இறக்கித் தருவது அதன் வேலை. ஆனால் அந்த எல்என்பி-க்குள்ளே 25 மெகாஹெர்ட்ஸில் அதிரும் குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கிறது. அதை 390 மடங்கு பெருக்கித்தான் 9,750 மெகாஹெர்ட்ஸ் செய்து, வரும் அலையிலிருந்து கழிக்கிறார்கள். அலைவெண்ணோடு பிழையும் சேர்ந்து பெருகும். படிகம் மில்லியனில் ஒரு பங்கு பிசகினால் கேட்கும் இடத்தில் கிட்டத்தட்ட 10 கிலோஹெர்ட்ஸ் பிசகிவிடும். ஒருவர் பேசும் குரலுக்குத் தேவையான அகலமே 3 கிலோஹெர்ட்ஸுக்குள்தான். மதிய வெயிலில் டிஷ் காய்ந்தால் ஆள் நகர்ந்துபோவார், மேகம் மறைத்தால் திரும்பி வருவார். டியூனர் குமிழைப் பிடித்துக்கொண்டே எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது?

முன்பெல்லாம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஹவாயிலிருந்து டபிள்யூடபிள்யூவிஎச், சீனாவிலிருந்து பிபிஎம் ஆகிய நிலையங்கள் சிற்றலையில் சரியாக 10 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகின்றன. அதோடு நம் ஆசிலேட்டரைக் கலந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 'ஊ... ஊ...' என்று இழுத்துக் கேட்கும். அந்த இழுவை நிற்கும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். காது பழகியவர்கள் நன்றாகவே செய்வார்கள். ஆனால் சிற்றலை, மேல்வானில் மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது, அந்த மண்டலம் மேலும் கீழுமாக அசைகிறது. அந்த அசைவே பத்து மில்லியனில் ஒரு பங்கு அளவுக்குப் பொய் சொல்லிவிடும். அதற்குமேல் துல்லியம் வேண்டுமென்றால் அணுக் கடிகாரத்திடம்தான் போக வேண்டும். நல்லவேளையாக, அணுக் கடிகாரங்கள் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் ருபீடியம் அல்லது சீசியம் கடிகாரத்தைச் சுமந்து சுற்றுகிறது. ஐன்ஸ்டீன் சொன்னது அங்கே ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஈர்ப்பு குறைவு என்பதால் அந்தக் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ வினாடி வேகமாக ஓடுகிறது. விரைந்து பறப்பதால் 7 மைக்ரோ வினாடி மெதுவாகிறது. மிச்சம் 38. கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் ஒளி ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போய்விடும் என்பதால், கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிசகும். ஆகவே தரையில் இருக்கும்போதே அதன் 10.23 மெகாஹெர்ட்ஸைக் கொஞ்சம் குறைத்து 10.22999999543 என்று வைத்து அனுப்புகிறார்கள். மேலே போனதும் சரியாகிவிடும்.

கீழே இருக்கும் ஜிபிஎஸ் ரிசீவர் நான்கு விஷயங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்: மூன்று திசை, ஒரு நேரம். அதனால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் தேவை. ஆனால் என் கூரை நகராது. ஒரு நாள் முழுக்க இருக்கும் இடத்தை அளந்து சராசரி எடுத்து, 'இதுதான் உன் இடம், இனி மாறாது' என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு நேரத்தை மட்டும் பார்த்தால் போதும். ஒரே செயற்கைக்கோள் இருந்தாலும் வேலை ஓடும். நேரத்துக்கென்றே செய்த ரிசீவர்களில்தான் இந்த வசதி ஒழுங்காக இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே வண்டிக்கு வழிகாட்டும் மலிவான ரிசீவரை ஒதுக்கிவைத்துவிட்டு, கழித்துவிட்ட தொலைத்தொடர்புக் கருவி ஒன்றிலிருந்து எடுத்த ரிசீவரை வாங்கினேன்.

ரிசீவர் ஒவ்வொரு வினாடியும் ஒரு துடிப்பு தரும். பிபிஎஸ் என்பது அதுதான். வானத்திலிருந்து வருவது என்பதால் அது ஊசி முனை போலச் சரியாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ரிசீவருக்குள்ளேயும் சாதாரணப் படிகம் ஒன்று ஓடுகிறது. அதன் துடிப்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் பிபிஎஸ்ஸை வைக்க முடியும். 48 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கு 21 நானோ வினாடி. இந்த வினாடியில் பத்து நானோ முன்னால், அடுத்ததில் எட்டு நானோ பின்னால் என்று ரம்பப் பல் மாதிரி ஆடும். சில சமயம் அந்தப் படிகமும் உண்மையான வினாடியும் தற்செயலாக ஒத்துப்போகும். அப்போது பிழை ஒரே பக்கமாகப் பல வினாடிகள் தொங்கிக்கொண்டிருக்கும். வரைந்து பார்த்தால் தொங்கு பாலம் போலவே இருக்கிறது. அதை அப்படியே 'தொங்கு பாலம்' என்றுதான் இத்துறையில் சொல்கிறார்கள்.

இன்னொரு பக்கம் நம்முடைய படிகம் இருக்கிறது. கைக்கடிகாரத்துக்குள் 32,768 ஹெர்ட்ஸில் அதிரும் குவார்ட்ஸ் மில்லியனில் 20 பங்கு பிசகும், அதாவது நாளைக்கு ஒன்றே முக்கால் வினாடி. வெப்பம் மாறினால் குவார்ட்ஸின் சுருதியும் மாறும். அதனால் நல்ல படிகத்தை ஒரு சின்ன அடுப்புக்குள் வைத்து, எப்போதும் 80 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாகவே வைத்திருக்கிறார்கள். ஓசிஎக்ஸ்ஓ என்பது இதுதான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகக் கட்டி. மின்சாரம் கொடுத்ததும் பசியோடு ஒரு ஆம்பியர்வரை இழுக்கும், சில நிமிடங்களில் சூடேறியதும் கால் ஆம்பியருக்கு இறங்கிவிடும். தொட்டால் தே தாரிக் கிளாஸ் அளவுக்குச் சுடும். என்னுடையது ஈப்போவில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. கால்களில் ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தது, எந்தத் தொலைபேசிக் கோபுரத்தில் எத்தனை வருஷம் உழைத்ததோ. பழசு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பல ஆண்டுகள் விடாமல் ஓடிய படிகம் மூப்படைவது மெதுவாகத்தான், புதுசைவிட இதுவே உத்தமம்.

நல்ல ஓசிஎக்ஸ்ஓ ஒரு வினாடிக்குள் டிரில்லியனில் சில பங்குகூட அசையாது. ஆனால் நாள் போகப்போக மெல்ல ஒரு பக்கம் சாயும். பிபிஎஸ் நேர் எதிர். ஒரு வினாடியை மட்டும் பார்த்தால் 20 நானோ வினாடி ஆட்டம், அதாவது பில்லியனில் 20 பங்கு. நம் படிகத்தோடு ஒப்பிட்டால் படு மோசம். ஆனால் அந்த ஆட்டம் சேர்ந்துகொண்டே போவதில்லை. ஆயிரம் வினாடி கழித்தும் அதே 20 நானோதான், ஆகவே பிழை 100 பில்லியனில் 2 பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரு லட்சம் வினாடியில், அதாவது ஒரு நாளும் சில மணி நேரமும் கழித்து, அது இன்னும் நூறில் ஒரு பங்காகிவிடும். எந்தக் குவார்ட்ஸாலும் அங்கே எட்டிப்பிடிக்க முடியாது.

குறுகிய நேரத்துக்குப் படிகத்தை நம்ப வேண்டும், நீண்ட நேரத்துக்குச் செயற்கைக்கோளை நம்ப வேண்டும். இரண்டும் எந்த இடத்தில் கை மாறுகின்றன என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கருவியைக் கட்டுவது. மற்றதெல்லாம் ஈயம் வைக்கும் வேலை. 'ஜிபிஎஸ்ஸோடு பூட்டிவிட்டேன்' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை வினாடி மாறிலி வைத்தீர்கள் என்பதைத்தான். செயற்கைக்கோள் சொல்வதை எத்தனை வினாடிக்குச் சராசரி பார்த்துப் படிகத்தைத் திருத்துகிறோம் என்ற அளவுதான் மாறிலி.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு அடிபட்டு வந்தது. முதல் தடவை மாறிலியை 10 வினாடி என்று வைத்தேன். பத்தே நிமிடத்தில் பூட்டிவிட்டது என்று பச்சை விளக்கு எரிந்தது. ஆகா என்று எல்லோருக்கும் காட்டினேன். பிறகு அதை ரிசீவரில் இணைத்து 10 கிகாஹெர்ட்ஸில் கேட்டால், குரல் குளிரில் நடுங்குகிறவன் பேசுவதுபோல இருந்தது. செயற்கைக்கோள் சரியாகத்தான் சொன்னது. ஆனால் அது ஒவ்வொரு வினாடியும் தடுமாறிச் சொல்கிற சொல்லை எல்லாம் கேட்டு என் படிகம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டாமல் சும்மா விட்டிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். வேலை தெரிந்த ஆளுக்குப் பின்னாலேயே நின்று ஒவ்வொரு வெட்டுக்கும் அதட்டுகிற கங்காணி மாதிரி. மரப்பட்டைதான் புண்ணாகும். காலையில் பெரட்டு எடு, மதியம் பால் நிறு, நடுவில் அவனை விடு.

அப்புறம் 300 ஆக்கினேன், பிறகு 1,000. என் படிகத்துக்கு 800-க்குப் பக்கத்தில்தான் சரியாக உட்கார்ந்தது. இன்னும் நல்ல படிகம் என்றால் இன்னும் நீளமாக விடலாம். ருபீடியம் வைத்திருப்பவர்கள் மணிக்கணக்கில் விடுவார்கள்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஓசிஎக்ஸ்ஓவின் ஒரு கோடி அலைகளை எண்ணி, கோடிக்கு ஒன்றாக நம் பக்கமும் ஒரு துடிப்பு உண்டாக்கிக்கொள்கிறோம். அந்தத் துடிப்புக்கும் பிபிஎஸ்ஸுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். சும்மா எண்ணினால் 100 நானோ வினாடிக்குக் கீழே தெரியாது, ஏனென்றால் ஓர் அலையின் நீளமே அவ்வளவுதான். அதற்கு ஒரு மலிவான தந்திரம் உண்டு. முதல் துடிப்பு வந்ததும் ஒரு சின்ன மின்தேக்கியை மின்தடை வழியாக நிரப்பத் தொடங்கி, இரண்டாவது வந்ததும் நிறுத்திவிடுவது. எவ்வளவு நிரம்பியதோ அவ்வளவு நேரம். ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை அந்த வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்துப் படிக்கும். முழு அளவை ஆயிரம் நானோ என்று அமைத்தால் படிக்கு ஒரு நானோ வினாடி. சில சென் விலையுள்ள மின்தேக்கிக்கு இது பெரிய சாமர்த்தியம்.

பிழை தெரிந்ததும் அதைத் திருத்தும் கணக்கு இரண்டு பாகம். இப்போது எவ்வளவு பிசகியிருக்கிறோம் என்பது ஒன்று. இதுவரை சேர்ந்த பிசகு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இன்னொன்று. முதலாவது படிகத்தை இழுத்துப் பிடிக்கிறது, இரண்டாவது அதன் மூப்பைக் கற்றுக்கொள்கிறது. விடை ஓர் எண்ணாக வரும். அதை வோல்ட் ஆக்கும் 16 பிட் சில்லு, ஓசிஎக்ஸ்ஓவின் கட்டுப்பாட்டு முனைக்குக் கொடுக்கும். என் படிகத்தில் அந்த முனையை முழுசாகத் திருப்பினால் 10 ஹெர்ட்ஸ் நகரும். அதை 65,536 படியாக வகுத்தால் ஒரு படி 0.00015 ஹெர்ட்ஸ்.

இந்த எண்ணை நிமிடத்துக்கொரு முறை எழுதிவைக்கச் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் கழித்து வரைந்து பார்த்தபோது, தினமும் பின்மதியம் நான்கு மணி வாக்கில் கோடு சட்டென்று ஒரு பக்கம் குதித்திருந்தது. செயற்கைக்கோளில் ஏதாவதா, அயன மண்டலமா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நான்கு மணிக்கு அந்தப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். மழை வந்தது. ஜிங்க் கூரை பத்து நிமிடத்தில் குளிர்ந்தது. எண் நகர்ந்தது. எங்கள் ஊர் மழையைத்தான் என் அணுத் துல்லியக் கருவி ஒழுங்காக எழுதிவந்திருக்கிறது!

அடுப்புக்குள் இருக்கும் படிகத்துக்கு மழை எப்படித் தெரிந்தது? அதற்குத் தெரியவில்லை. கோளாறு வோல்ட் கொடுக்கும் சில்லில் இருந்தது. அதன் அளவுகோலாக 5 வோல்ட் மின்வழங்கியையே சோம்பேறித்தனமாகக் கொடுத்திருந்தேன். அது ஒரு டிகிரிக்கு மில்லியனில் 100 பங்கு மாறும் சாதாரணச் சரக்கு. கணக்குப் போட்டால், எட்டு டிகிரி இறங்கினால் பத்து பில்லியனில் நான்கு பங்கு பிசகு. வரைபடத்தில் இருந்ததும் அதுதான். மாறிலி 800 வினாடி என்பதால் அதைத் திருத்தக் கருவிக்கு நேரம் பிடிக்கிறது, அதுவரை வெளியே போகும் அலை தவறாகத்தான் போகும். நீளமான மாறிலி வைத்தால் படிகத்தைச் சுற்றி இருப்பது எல்லாம் அமைதியாக இருக்க வேண்டும் என்ற பாடம் அன்று வந்தது. நல்ல வோல்ட் அளவுகோல் சில்லு ஒன்றைப் போட்டேன். பசாரில் மீன் வரும் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, முழுக் கருவியையும் அதற்குள் இறக்கினேன். மீன் வாசனை போக ஒரு வாரம் ஆனது. நான்கு மணிக் குதிப்பு போய்விட்டது.

அயன மண்டலத்தை நான் சந்தேகப்பட்டதும் காரணமில்லாமல் இல்லை. நாங்கள் இருப்பது பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், அந்த மண்டலம் தடித்திருக்கும் இடம். சூரியனின் சீற்றம் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், பிற்பகலில் ஜிபிஎஸ் அலை 50 நானோ வினாடிகூடத் தாமதமாகலாம். செயற்கைக்கோள் அனுப்பும் எளிய திருத்தம் அதில் பாதியளவுதான் சரிசெய்யும். ஆனால் மிச்சமுள்ள 25 நானோ, ஆறு மணி நேரத்தில் ஏறி இறங்குவது. அலைவெண்ணில் அது டிரில்லியனில் ஒரு பங்கு சொச்சம். வீட்டுப் பெட்டிக்கு அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது வீண். உண்மையான தொல்லை மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் சூரியன் இறங்கிய பிறகு வருவது. அயன மண்டலத்தில் குமிழிகள் எழும்பி, சில செயற்கைக்கோள்களின் அலை மினுக்கும், அறுந்தும் போகும். இதற்கு எங்கள் வானமே மருந்தும் தருகிறது. ஜிபிஎஸ்ஸோடு சீனாவின் பெய்டோ, ஜப்பானின் கியூசெட்எஸ்எஸ், ஐரோப்பாவின் கலிலியோ எல்லாமே தலைக்கு மேல் தெரிகின்றன. நாலைந்து போனாலும் மிச்சம் நிறைய.

ஆன்டெனா பற்றிச் சுருக்கமாக: செம்பனை ஓலைக்கும் கொட்டகைக்கும் மேலே, நான்கு பக்கமும் வானம் தெரிகிற இடத்தில் வையுங்கள். ஜிங்க் தகட்டில் ஒட்டிவைத்தால் தெறித்து வரும் அலை குழப்பும், கொஞ்சம் தூக்கி வையுங்கள். கேபிள் நீளத்துக்கு மீட்டருக்கு ஐந்து நானோ தாமதம் உண்டு. மணி வேண்டுபவர்கள் அதைக் கழிக்க வேண்டும், அலைவெண் மட்டும் வேண்டுபவர்களுக்குக் கவலையில்லை. இடிதாங்கி இல்லாமல் கேபிளைக் கடைக்குள் கொண்டுவராதீர்கள். நம் ஊர் இடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலே இருப்பவர் சொல்வதை எப்போதும் நம்பலாமா? 2016 ஜனவரி 26 அன்று பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றுக்கு ஓய்வு கொடுத்தபோது, உலகப் பொது நேரத்துக்கான திருத்த எண் ஒன்று சில செயற்கைக்கோள்களில் தவறாகப் போய்விட்டது. 13 மைக்ரோ வினாடி. வழி காட்டுவதில் எந்தப் பிசகும் இல்லை. ஆனால் நேரத்தை நம்பியிருந்த தொலைத்தொடர்புக் கருவிகள் மணிக்கணக்கில் அலறின. 2019 ஏப்ரல் 6 அன்று ஜிபிஎஸ்ஸின் வார எண்ணிக்கை 1,023-ஐத் தாண்டி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்தது. பழைய ரிசீவர்கள் சில இருபது வருஷம் பின்னால் போய் நின்றன. அதிலே தேதிதான் தப்பு, வினாடி சரி. ஆகவே என் நிரலில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ஒரே வினாடியில் 200 நானோவுக்கு மேல் தாவினால் அதைக் கேட்காதே, பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நில். மழையில் ஆன்டெனா செத்துக் கிடக்கும் இரவுகளிலும் அதே வரிதான் காப்பாற்றுகிறது. மின்சாரம் போனால் ஓசிஎக்ஸ்ஓவுக்கு மட்டும் தனி பேட்டரி வைத்திருக்கிறேன். ஒருமுறை குளிர்ந்துவிட்டால் பழைய சுருதிக்குத் திரும்பச் சில நாள் அடம்பிடிக்கும்.

சரி, இது சரியாக ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? பச்சை விளக்கு சாட்சி ஆகாது, அது கருவி தன்னைப் பற்றித் தானே சொல்வது. மலேசியாவின் அளவுகளுக்கெல்லாம் தாயகமான தேசிய அளவியல் நிலையம் சிப்பாங் பக்கம் இருக்கிறது. உலகப் பொது நேரத்தைக் கணக்கிடத் தன் அணுக் கடிகாரங்களின் அளவை அனுப்பும் நிலையங்களில் அதுவும் ஒன்று. என் மீன் பெட்டியை அங்கே தூக்கிக்கொண்டு போக எனக்கு வெட்கம். ஒரு நண்பரின் ருபீடியத்தை இரண்டு நாள் இரவல் வாங்கினேன். இரண்டின் அலையையும் ஆசிலோஸ்கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. 10 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்று 100 நானோ நீளம். இரண்டுக்கும் பத்து பில்லியனில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால், ஒரு முழு அலை நழுவ ஆயிரம் வினாடி, அதாவது 17 நிமிடம் பிடிக்கும். நான் இரவு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அலை கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. காலையில் பார்த்தபோது கால் அலை நகர்ந்திருந்தது. அதில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அவருடைய ருபீடியம் என்று பிரிக்க மூன்றாவது ஒன்று வேண்டும். அதைக் கட்டத்தான் இப்போது இரண்டாவது ஓசிஎக்ஸ்ஓ தேடிக்கொண்டிருக்கிறேன்.

எல்என்பி-யின் படிகத்தைக் கழற்றிவிட்டு இந்த 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து செய்த 25-ஐக் கேபிள் வழியே கொடுத்தேன். குரல் நடுங்கவில்லை, வெயிலுக்கு நகரவும் இல்லை. அலைவெண் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஆறு பாகை உயரம் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? என் கடைக்கு மேற்கே தோட்டத்துச் செம்பனை ஓலை சரியாக அந்த உயரத்துக்கு வந்து நிற்கிறது. ஈரம் காயும் வரை 10 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டாது, மழை பெய்த மாலைகளில் ஒன்றும் கேட்பதில்லை. அந்த நிரை எப்போது வெட்டுவார்கள் என்று கிராணி ஐயாவைக் கேட்டேன். "இப்பத்தான் பதினெட்டு வருஷம் ஆகுது தம்பி, மறுநடவுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு" என்றார்.